இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவே பத்தடி

"பெயின்ட் மாறும்" என்றார் மாமா.

"அதைத் தவிர?"

"அடிக்கிற ஆள் மாறுவான்."

"விளையாடாதீங்க மாமா. நான் நிஜமா கேக்குறேன். ஆட்சி மாறினா உங்களுக்கு என்ன கிடைக்கும்னு நினைக்கிறீங்க?"

"நானும் நிஜமாத்தான் சொல்றேன். உன் காலுக்குக் கீழ இருக்கிற பலகையைக் கொஞ்சம் சுரண்டிப் பாரு. பச்சை. அதுக்குக் கீழ நீலம். அதுக்குக் கீழ மறுபடி பச்சை. எல்லாத்துக்கும் கீழ மரம்னு ஒண்ணு இருக்கணும். இல்ல. போன மழைக்கே அது கடலுக்குப் போயிடுச்சு. நீ பெயின்ட் மேலதான் நின்னு பேசிட்டிருக்க, ஜுப்ளி. மெதுவா பேசு."

வாசலில் நின்ற ஜுப்ளி தன்னையறியாமல் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். எங்கள் ஊரில் கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்து தருபவன் அவன். துடுப்புக் கட்சியின் கிளைத் தலைவனும் அவன்தான். இரண்டு வேலையிலும் ஒரே பச்சைத் தொப்பி.

தேர்தலுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. நான் உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மத்துசின் மாமாவின் வீடும் எங்கள் வீடும் ஒரே தூண்வரிசையில் நிற்பவை. அங்கே யாராவது தும்மினால் இங்கே என் தேநீர் ஆடும். போர்னியோவின் இந்தக் கரையில் எங்கள் பக்காவ் கிராமம் முழுவதும் கடலுக்கு மேல்தான் நிற்கிறது. தெரு என்று எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு பலகைப் பாதை. கரையில் சீன முதலாளி ஆ சூன் தவ்கேயின் காப்பிக்கடையில் தொடங்கி, கடைசி வீட்டின் படிக்கட்டில் கடலுக்குள் இறங்கி முடியும். மாமாவின் வீடு நட்டநடுவில்.

"சரி மாமா, நீங்களே சொல்லுங்க. போன தடவை எங்க ஆளுங்க ஆட்சிக்கு வந்தப்ப மருத்துவப் படகு வாரத்துக்கு ரெண்டு தடவை வந்துதா இல்லையா?"

மாமா யோசித்தார். அவர் எதிரியின் நல்ல அடியை மறுப்பவர் அல்ல.

"வந்துது. அது உண்மை. பிறப்புச் சான்றிதழ் ஆபீஸ்ல இருக்கிற குமாஸ்தா கூட எழுந்து நின்னு பேசினான். எனக்கு முதுகு வலிக்குதான்னு கேட்டான். நான் பயந்தே போயிட்டேன்."

"பாத்தீங்களா!"

"எத்தனை மாசம்டா?"

ஜுப்ளி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"நாற்காலி சூடாகிற வரைக்கும்தான்" என்று மாமாவே முடித்தார். "அப்புறம் படகு வாரத்துக்கு ஒண்ணு, குமாஸ்தா உக்காந்துட்டான். நீலக் குடைக் கட்சி திரும்பி வந்தப்பவும் அதே கதை. ஆறு மாசம் சிரிப்பு, அப்புறம் பல் வலி."

உள்ளே இருந்து சனாரியா அத்தை குரல் கொடுத்தாள். "அந்தப் பையனைத் திட்டி என்ன ஆகப்போகுது? நம்ம வாசல்ல இருக்கிற ஓட்டையைப் பத்திக் கேளுங்க."

அதுதான் விஷயம். போன வருஷம் சர்க்கரை வியாதி மாமாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. குடைக் கட்சி ஒரு சக்கர நாற்காலி கொடுத்தது. அதன் முதுகில் தலைவரின் சிரித்த முகம் ஒட்டியிருந்தது. அதை நசுக்குவதற்காகவே மாமா நன்றாகச் சாய்ந்து உட்காருவார். ஆனால் நாற்காலி வந்த மாதமே மழையில் பாதை உடைந்தது. மாமாவின் வாசலுக்கு இரு பக்கமும் நடப்பவர்களுக்காக இரண்டு ஒல்லிப் பலகைகளை யாரோ போட்டுவிட்டுப் போனார்கள். அதில் கால் போகும், சக்கரம் போகாது. மருத்துவமனை நாட்களில் ஜன்னல் வழியாக அவரை மீன் பெட்டியில் உட்காரவைத்துக் கயிறு கட்டிப் படகில் இறக்குவோம். "பனிக்கட்டி போட மறந்துட்டீங்க" என்பார் ஒவ்வொரு தடவையும்.

மருத்துவமனை அவருக்குப் பெரிதல்ல. ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆ சூன் கடை தெரியும். மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு சிவப்பு நாற்காலி. நாற்பது வருஷம் மாமா அதில் உட்கார்ந்துதான் ஆட்சிகளைக் கவிழ்த்தார், அமைச்சர்களை நியமித்தார், பாலில்லாத காப்பி குடித்தார். இப்போது அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் ஜன்னலிலிருந்து கத்துவார். காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் அங்கே எதுவும் கேட்காது. அப்படிப்பட்ட நாட்களில் அவர் சாப்பிட மாட்டார் என்று அத்தை என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

"ஜெயிச்சதும் முதல் வேலை இந்தப் பாதைதான் அத்தை" என்றான் ஜுப்ளி. "எழுதி வச்சுக்கங்க."

"எதுல எழுத? பெயின்ட்லயா?" என்றாள் அத்தை.

தேர்தலன்று காலையில் ஜன்னலுக்குக் கீழே இரண்டு படகுகள் வந்து நின்றன. ஒன்றில் நீலக்கொடி, ஒன்றில் பச்சைக்கொடி. மாமாவின் ஒரு ஓட்டுக்காக இரண்டும் முட்டிக்கொண்டன. குடைக் கட்சியின் ஹாஜி தாரிப், முப்பது வருஷமாக வீட்டுக் கூரையில் நீலக்கொடி கட்டியிருப்பவர், தானே கயிற்றைப் பிடித்தார். ஜுப்ளி மீன் பெட்டியைத் தாங்கினான். மாமா கல்யாண மாப்பிள்ளைபோல் இறங்கினார்.

கரையில் ஓட்டுப் போட்டு முடித்ததும் திரும்பிப் பார்த்தால் ஒரு படகும் இல்லை. அடுத்த வாக்காளரைத் தேடிப் போய்விட்டார்கள். சாயங்காலம் என் அண்ணன் போய் அழைத்துவரும்வரை மாமா ஆ சூன் கடையில் சிவப்பு நாற்காலியில் இருந்தார். அன்றைக்கு அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தொண்டை கட்டிப்போயிருந்தது. நான்கு பேரோடு சண்டை போட்டிருந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

"யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"என்னைக் கரையில மறந்துட்டுப் போகாதவங்களுக்கு."

"ரெண்டு பேருமே மறந்துட்டாங்களே மாமா."

"மறப்பாங்கன்னு தெரிஞ்சுதான் மூணாவது ஆளுக்குப் போட்டேன்."

மூன்றாவது ஆள், சாவிச் சின்னத்தில் தனியாக நின்ற ஸர்மான். எங்கள் ஊர்க்காரர். இதற்குமுன் நீலத்தில் இருந்திருக்கிறார், பச்சையில் இருந்திருக்கிறார், மறுபடி நீலத்தில் இருந்திருக்கிறார். குழந்தைகள்கூட அவரைத் தவளை என்பார்கள். ஆனால் ஊரில் ஒரு சாவு என்றால் முதலில் வந்து உட்காருபவர் அவர். எங்கள் தொகுதியில் அவர் ஜெயித்தார். மாநிலத்தில் குடைக்கும் துடுப்புக்கும் சரிபாதி இடம். ஆக, சட்டமன்ற உறுப்பினர் என்பதால் இப்போது ஒய்.பி. ஆகிவிட்ட ஸர்மான் எந்தப் பக்கம் குதிக்கிறாரோ அந்தப் பக்கம் அரசாங்கம்.

அன்றிரவு தொலைக்காட்சியில் வந்தார். கண்களில் ஒரு ஈரம். "என் மக்களைக் கேட்காமல் நான் எந்த முடிவும் எடுக்க மாட்டேன்" என்றார்.

எங்கள் ஊரில் அதன் அர்த்தம் புரியாதவர்கள் யாரும் இல்லை. விலை ஏறுகிறது, அவ்வளவுதான். ஆனால் தலைநகரத்தில் இருந்த இரண்டு கட்சிக்காரர்களுக்கும் பதற்றத்தில் புத்தி மழுங்கிவிட்டது. அவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்கள்.

நான்காம் நாள் லாரிகள் வந்தன.

முதலில் அரிசி. குடைக்கட்சி மூட்டையில் குடைப்படம், துடுப்புக்கட்சி மூட்டையில் துடுப்புப்படம். கஞ்சி வைத்தால் இரண்டும் ஒன்றுதான். பிறகு தண்ணீர்த் தொட்டிகள். தலைநகரத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி குதிகால் செருப்போடு எங்கள் பாதையில் நடந்து, ஒரு குதிகாலைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டாள்: "உங்க ஒய்.பி. கேட்டா நீங்க எந்தப் பக்கம் சொல்வீங்க?"

எங்கள் ஊர் ஒரே ராத்திரியில் கெட்டிக்கார ஊராக மாறியது. கூரையில் இருந்த கொடிகள் எல்லாம் இறங்கின. துவைக்கப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்: "யோசிச்சிட்டிருக்கோம்."

ஹாஜி தாரிப்கூட. முப்பது வருஷ நீலக்கொடி! அவர் மாமாவின் வாசலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"கஷ்டமா இருக்கு மத்துசின். காலையில எழுந்தா நான் நீலம்னு வாய் வரைக்கும் வருது. முழுங்கிக்கிறேன்."

"இன்னும் கொஞ்ச நாள் முழுங்குங்க ஹாஜி. வயித்துக்கு நல்லது."

மறுநாள் அந்தப் பெண் மாமாவிடம் வந்தாள். மாமா தன் வாழ்நாளில் கருத்து இல்லாமல் ஐந்து நிமிஷம் இருந்தவர் அல்ல. அன்றைக்குத் தாடையைத் தடவிக்கொண்டு, "எனக்கு அரசியல் புரியாதும்மா" என்றார். உள்ளே அத்தையின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

"உங்களுக்கு என்ன வேணும்னாவது சொல்லுங்க."

"பாதை" என்றார் மாமா. "கரை வரைக்கும். சக்கரம் போற மாதிரி."

அந்த வாரமே மரம் வந்தது. சாதாரண மரமல்ல, பெலியான். கடல் தண்ணீரில் கிடந்தாலும் மகன் காலம்வரை நிற்கும் இரும்பு மரம். குடைக் கட்சி ஆட்கள் கரைப் பக்கத்திலிருந்து வேலை தொடங்கினார்கள். துடுப்புக் கட்சிக்காரர்கள் அந்தப் பலகையில் கால் வைப்பதே அவமானம் என்று ஒரு மிதவையில் மரம் ஏற்றிவந்து கடல் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். இரண்டு பக்கமும் சுத்தியல் சத்தம். இரண்டும் மாமாவின் வாசலை நோக்கி வந்தன.

மாமா ஜன்னலை விட்டு நகரவில்லை. கால்பந்தாட்டம் போல வர்ணனை செய்தார்.

"டேய் நீலம்! அங்க ஹாஜி ரஹீம் வீட்டைப் பச்சை தாண்டிடுச்சு. நீங்க டீ குடிச்சிட்டிருக்கீங்க!"

"அவனுங்க ஆணி சின்னது மாமா!" என்று நீலப்பக்கம் மேஸ்திரி கத்தினான். "நாங்க நீள ஆணி அடிக்கிறோம்."

அடுத்த அரை மணி நேரத்தில் பச்சைப்பக்கமும் நீள ஆணிக்கு மாறியது. பிறகு கைப்பிடி வந்தது. ஒரு பக்கம் கைப்பிடி போட்டால் மறுபக்கம் கைப்பிடியோடு விளக்கும் போட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் பெயின்ட் டப்பாவையே திறக்காமல் வேலை செய்த முதல் தடவை அதுதான். எந்த நிறம் அடிப்பது என்று தெரியவில்லை அல்லவா. மரம் மரமாகவே இருந்தது. சாயங்கால வெயிலில் அந்தப் பலகைகளைப் பார்க்கும்போது இது எங்கள் தெருவா, நான் படித்த ஏதோ தூரதேசத்துக் கதையில் வந்த துறைமுகமா என்று எனக்கு மயக்கம் வரும்.

மருத்துவப் படகு வாரத்துக்கு மூன்று தடவை வந்தது. குமாஸ்தா வீடு தேடியே வந்தான்.

"இப்ப புரியுதா ஜுப்ளி?" என்றார் மாமா. ஜுப்ளி பச்சைப்பக்கத்தில் ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். "நாம இத்தனை வருஷமா தப்பா வேண்டிக்கிட்டோம். இவன் போய் அவன் வரட்டும், அவன் போய் இவன் வரட்டும்னு. வந்தவன் உக்காந்துடுறான். உக்காந்தவனுக்கு நம்ம முகம் தெரியாது. நின்னுட்டே இருக்கிறவனுக்குத்தான் தெரியும். இப்ப ரெண்டு பேரும் நின்னுட்டிருக்கானுங்க."

"அப்படின்னா யாருமே ஆளக்கூடாதா மாமா?"

"ஆளட்டும். நாளைக்கு நாம இருப்போமான்னு ஒரு சந்தேகத்தோட ஆளட்டும்."

"நாங்க வந்தா அப்படித்தான் ஆளுவோம்."

"நீ நல்ல பையன்டா. அதனாலதான் உன்னை ரீசார்ஜ் விக்க விட்டிருக்காங்க."

ஜுப்ளி சிரித்தான். ஆனாலும் அவன் கண்ணில் ஒரு வலி தெரிந்தது. அவன் உண்மையிலேயே நம்புகிறவன். எங்கள் ஊரில் அவன் ஒருவன்தான் இன்னும் "யோசிச்சிட்டிருக்கேன்" என்று சொல்லாதவன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு பக்கமும் மாமாவின் வாசலுக்கு மிக அருகில் வந்துவிட்டன. கடல் பக்கத்துப் பலகை எங்கள் வீட்டைத் தாண்டி மாமாவின் வாசல்படியைத் தொட்டுவிட்டது. கரைப் பக்கத்தில்தான் பழைய ஒல்லிப் பலகை மட்டும் கிடக்கும் இடைவெளி, பத்தடி இருக்கும். அதாவது மாமா தாராளமாகக் கடல் பக்கம் போகலாம். கரைக்குத்தான் போக முடியாது.

அந்த மாலையில் மாமா நாற்காலியோடு முதன்முதலாக வாசலைத் தாண்டினார். சக்கரம் பெலியானில் உருண்டபோது ஒரு சத்தமும் இல்லை. இடைவெளியின் ஓரத்தில் நிறுத்தினார். அங்கிருந்து கடையின் மின்விசிறி சுற்றுவதுகூடத் தெரிந்தது. ஆ சூன் தவ்கே கையசைத்தார். சிவப்பு நாற்காலியைத் துடைத்து, யாரும் உட்காராமல் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டார்.

"நாளைக்கு!" என்று கத்தினார் மாமா.

"காப்பி ரெடி!" என்று கத்தினார் தவ்கே.

அத்தை உள்ளே போய் மாமாவின் கட்டம்போட்ட சட்டையை இஸ்திரி போட்டாள்.

புதன்கிழமை காலையில் சுத்தியல் சத்தம் கேட்கவில்லை. நான் வெளியே வந்து பார்த்தேன். இரண்டு பக்க ஆட்களும் பலகைமேல் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீலப்பக்கம் மேஸ்திரி ஆணிகளைத் திரும்ப டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னாச்சு?" என்று கேட்டேன்.

"ஒய்.பி. வர்றாராம். உங்க ஊரைக் கேட்டுட்டு இன்னைக்கே முடிவு சொல்லப்போறாராம். தலைமையிலிருந்து ஃபோன் வந்துது, கொஞ்சம் பொறுங்கன்னு."

"பத்தடிதானே இருக்கு? முடிச்சிட்டுப் பொறுங்களேன்."

"யார் மரம்னு தெரியாம எப்படிம்மா? அவர் எங்க பக்கம் வந்துட்டா இனிமே இது அரசாங்க வேலை. டெண்டர் விடணும். அந்தப் பக்கம் போயிட்டா நாங்க ஏன் அடிக்கணும்?"

பச்சைப்பக்கம் மேஸ்திரியும் தலையாட்டினான். பத்து நாட்களில் அந்த இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

ஜுப்ளி தனியாக ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு ஆள் தூக்குகிற மரமா அது? ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை நகரவில்லை. அவன் கட்சிக்காரர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். "விடுடா, தலைமை என்ன சொல்லுதோ" என்றான் ஒருவன். ஜுப்ளி பலகையைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

நண்பகலுக்குமுன் ஒய்.பி. ஸர்மான் படகில் வந்தார். பின்னால் கேமராக்கள். வாசலில் கட்டம்போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்ததும் நேராக அங்கேயே ஏறினார். ஒற்றைக் கால், சக்கர நாற்காலி, புதுப்பலகை, பின்னால் கடல். இதைவிட நல்ல படம் அவருக்கு எங்கே கிடைக்கும்?

மாமாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நாற்காலியின் முதுகில் இருந்த நசுங்கிய தலைவரைப் பார்த்தார். பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

"மத்துசின் மாமா, நீங்கதான் இந்த ஊரு மனசாட்சி. என் அப்பா சொல்வாரு, அரசியல் கேக்கணும்னா சிவப்பு நாற்காலிகிட்ட போய்க் கேளுன்னு. சொல்லுங்க. நான் எந்தப் பக்கம் போகட்டும்?"

ஊர் முழுக்க அங்கே நின்றது. ஹாஜி தாரிப்பின் உதடு துடித்தது. முப்பது வருஷம் அந்த வாயில் முட்டிக்கொண்டு நின்றது. "நீ..." என்று தொடங்கினார். பக்கத்தில் நின்ற என் அம்மா அவர் வாயில் ஒரு பெஞ்சாராம் பலகாரத்தைத் திணித்துவிட்டாள்.

ஜன்னல் வழியாக ஒரு வருஷமாகக் கத்திய, ஆட்சிகளைக் கவிழ்த்த மாமா, கேமராவுக்கு முன்னால் வாயைத் திறந்தார், மூடினார். அவர் பார்வை ஒய்.பி.யின் தோளைத் தாண்டிக் கரைக்குப் போனது. மின்விசிறி. துண்டு போட்ட நாற்காலி. நடுவே பத்தடித் தண்ணீர், அதில் காலியான ஒரு நீல அரிசிச் சாக்கும் ஒரு பச்சைச் சாக்கும் சேர்ந்து மிதந்தன.

ஒய்.பி.யின் சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. எடுத்துப் பார்த்தார். அழைப்பைத் துண்டித்தார். மறுபடி அடித்தது. "தலைநகர்ல காத்திட்டிருக்காங்க மாமா" என்றார், கொஞ்சம் அவசரமாக. "சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். உங்க வாயால ஒரு வார்த்தை."

இரண்டு மேஸ்திரிகளும் எழுந்து நின்றார்கள். கருவிப்பைகள் தோளில் ஏறிவிட்டன.

அத்தை கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். கையில் சமையல் துணி. அவள் அரசியல் பேசி நான் கேட்டதே இல்லை. ஒய்.பி.க்கும் அவருடைய கைப்பேசிக்கும் நடுவில் போய் நின்றாள்.

"தம்பி, உங்களுக்கு வயசும் இருக்கு, செல்வாக்கும் இருக்கு. எந்தப் பக்கம் வேணும்னாலும் போங்க, நாங்க குறை சொல்ல மாட்டோம். இந்தப் பத்தடி முடியற வரைக்கும் மட்டும், எந்தப் பக்கம்னு யார்கிட்டயும் சொல்லாம இருக்க முடியுமா?"